எஸ்டிக்கு ஒரு மண்டலப் பத்தியம்

பரமத்தி வேலூருக்கு மேக்கே, ராஜவாய்க்கால் கரையோரத் தோட்டத்து வீட்டில், ஒரு திங்கக்கிழமை காலை. கருப்பண்ணன் மூன்றாவது இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்று சபதம் போட்டார்.

"ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துக்கு என்ற எஸ்டிலதான் போவேன். இல்லீன்னா போகவே மாட்டேன்!"

"உக்காந்து தின்னுட்டுச் சபதம் போடுங்க. சட்னி காயுது," என்றாள் மனைவி உண்ணாமலை.

எஸ்டி என்பது அவர் கல்யாணத்தப்ப வாங்கின கறுப்பு மோட்டார் சைக்கிள். உதைத்துக் கிளப்புகிற கம்பியையே மடக்கினால் கியர் கம்பி. அந்த அதிசயத்தைக் காட்டித்தான் மாமனாரின் ஊரையே அவர் அசத்தினார். அப்புறம் சொந்த லாரி வந்தது. எஸ்டி மாட்டுக் கொட்டாய்க்குள் போனது. போய்ப் பதினெட்டு வருஷம். ஒரு ஹேண்டில்பாரில் தீவனச் சாக்கு, மற்றதில் கன்னுக்குட்டிக் கயிறு. சீட்டு மேலே ஒரு செவலைக் கோழி அடை கிடந்தது. அதன் அம்மாவும் அங்கேயேதான் அடை கிடந்தது.

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் உண்ணாமலை. "இந்த ஆடிப் பதினெட்டுக்கு அது ஓடலீன்னா பழைய இரும்புக்காரனைக் கூப்புட்டுருவனுங்க. இது என்ற சபதம்."

ஆக ரெண்டு சபதம். இட்லி மட்டும் பாதி.

கருப்பண்ணனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். லாரியை விற்ற நாளோடு கால் தரையில் படுவதையும் விட்டுவிட்டார். கூப்பிடு தூரத்து டீக்கடைக்கும் மொபெட்டில்தான் போவார். போனால் நாட்டுச்சர்க்கரை தூக்கலாக ரெண்டு டீ. நாமக்கல் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை முந்நூத்திப் பத்து. தினமும் ரெண்டு கிலோமீட்டர் நடங்க, இனிப்பைத் தொடாதீங்க. இல்லைன்னா ஆடி முடிஞ்சதும் ஊசிதான்," என்று சொல்லிவிட்டார். உண்ணாமலை கெஞ்சினாள், திட்டினாள், நடக்கிற செருப்பு வாங்கி வாசலில் வைத்தாள். செருப்பு புதுசாகவே இருந்தது.

"நடக்கறதுக்கா முப்பது வருசம் டயர் தேச்சேன்?" என்பார்.

பொண்டாட்டி பேச்சு அவருக்குக் காத்து. டாக்டர் பேச்சு புகை. மெக்கானிக் பேச்சு மட்டும் தெய்வ வாக்கு. லாரி ஓட்டினவர்கள் எல்லாரும் அப்படித்தான். நடுக்காட்டில் ஆக்சில் முறிந்து நிற்கும்போது டாக்டரா வந்து காப்பாற்றினார்?

அன்றைக்கே வேலூரிலிருந்து மெக்கானிக் ஆண்ட்ரூஸ் வந்தார். பூர்வீகம் சேலம். கழுத்தில் ஜெபமாலை, காதில் ஸ்பேனர் குத்திய தழும்பு. வண்டியை மூன்று சுற்று சுற்றினார். டேங்கில் காது வைத்துக் கேட்டார். "அக்கா, ஒரு சொம்பு தண்ணி," என்று சமையல்கட்டுப் பக்கம் போனார். ஒரு சொம்பு தண்ணியைக் குடிக்க அவருக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. கருப்பண்ணன் அதைக் கவனிக்கவில்லை. சீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கோழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஆண்ட்ரூஸ் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மாமா, இஞ்சின் சாகலீங்க. தூங்குது."

"எழுப்புப்பா!"

"அவசரப்பட்டா பேரிங் ஒடஞ்சிரும். தள்ளித் தள்ளித்தான் இளக்கோணும். தினமும் காலைல ரெண்டு கிலோமீட்டர். ஒரு மண்டலம்."

"நாப்பத்தெட்டு நாளா!"

"கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. வேற ஆளு தொடவே கூடாது. வண்டிக்கு ஓனர் கை தெரியும்."

"ஆமாப்பா. நாயிக்கே தெரியுது, எஸ்டிக்குத் தெரியாதா?"

"அப்பறம் பத்தியம். டேங்குக்குச் சர்க்கரை எமன். தெரியுமில்லீங்க?"

"என்கிட்டயேவா? நான் பாக்காத டேங்கா?"

"அப்ப மண்டலம் முடியற வரைக்கும் வெல்லம், நாட்டுச்சர்க்கரை, அதிரசம் எதையும் தொடாதீங்க."

"கையக் கழுவிக்கறனப்பா."

"வேர்வைல வருமுங்க மாமா."

கருப்பண்ணனுக்குப் புல்லரித்தது. முப்பது வருஷத்தில் இந்த நுணுக்கத்தை ஒரு மெக்கானிக்கும் சொன்னதில்லை.

மறுநாள் காலை தள்ளல் ஆரம்பமானது. வாய்க்கால் கரையில் நூறடி போனதும் மூச்சு வாங்கியது. இருநூறடியில் எஸ்டி அவரைத் தள்ளியது. வெத்தலைக் கொடிக்காலுக்குள்ளிருந்து பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து தலையை நீட்டினார்.

"என்ன மாப்ள, வண்டியப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறயா?"

"பேரிங் இளகோணும்டா."

"யாரோட பேரிங்கு?"

கருப்பண்ணன் ஹேண்டில்பார் மேலே சாய்ந்துகொண்டார். மூச்சு இருந்தால்தானே பதில்?

ஒவ்வொரு நாளுக்கும் கொட்டாய்ச் சுவரில் சாக்பீஸில் ஒரு கோடு போட்டார். பத்தாவது கோட்டில் வண்டி லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. "இளகுது புள்ள!" என்று வந்து சொன்னார். "அப்படீங்களா?" என்று உண்ணாமலை சர்க்கரை போடாத டீயைக் கொடுத்தாள். இருபதாவது கோட்டில் நாச்சிமுத்துவும் கூடவே பேசிக்கொண்டு நடந்தார். முப்பதில் பெல்ட்டுக்குப் புதுசாக ஓட்டை போட வேண்டியிருந்தது. டீக்கடைக்காரர் சர்க்கரை டப்பாவைத் திறந்தால், "டேங்கு, டேங்கு!" என்று கையை நீட்டித் தடுத்தார்.

நாப்பத்தஞ்சாவது கோட்டன்று உண்ணாமலை அவரை நாமக்கல்லுக்கு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நூத்தி முப்பத்தஞ்சு! ஊசியே வேண்டாம். என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. வண்டி ரிப்பேர் பண்ணிக்கிட்டிருக்கறன்," என்றார் கருப்பண்ணன்.

உண்ணாமலைக்குத் திடீரென்று இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் இருமினாள். வெகுநேரம் இருமினாள்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. சுவரில் நாப்பத்தேழு கோடு. கருப்பண்ணன் எஸ்டியைக் கொட்டாயை விட்டு உருட்ட, எதிரே ஆண்ட்ரூஸ் நின்றார்.

"இன்னைக்குத் தள்ள வேண்டாம் மாமா. கெளப்பிரலாம். அக்கா! பிளக்குங்க!"

உண்ணாமலை சமையல்கட்டிலிருந்து அஞ்சறைப்பெட்டியோடு வந்தாள். மூடியைத் திறந்தாள். கடுகுக்கும் சீரகத்துக்கும் நடுவே, பளபளவென்று, ஸ்பார்க் பிளக்.

ஆண்ட்ரூஸ் அதை ஊதி மாட்டினார். கருப்பண்ணன் ஒரு உதை விட்டார். இருமியது. ரெண்டாவது உதையில், பட் பட் பட் பட்! கொட்டாய் முழுக்க நீலப் புகை. கோழி கூரைக்குப் பறந்தது.

"பிளக்கு எப்படிறா அங்க போச்சு?"

ஆண்ட்ரூஸ் ஆகாயத்தைப் பார்த்தார். "நாலாம் நாளே எல்லாம் முடிச்சுட்டனுங்க மாமா. நீங்க மத்தியானம் தூங்கறப்ப வந்து. அக்காதான் பிளக்கக் கழட்டி வாங்கிக்கிட்டாங்க."

"அப்ப பேரிங்கு?"

"அது மொத நாளே நல்லாத்தான் இருந்துச்சுங்க." ஆண்ட்ரூஸ் அவர் வயிற்றைப் பார்த்தார். "இளக வேண்டியது இளகிருச்சுங்களே."

கருப்பண்ணன் கோபப்பட வேண்டிய இடம் இது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கோபப்பட அவரால் முடியவில்லை. முகம் பாட்டுக்குச் சிரித்தது. உண்ணாமலை பூவைச் சரி செய்துகொண்டு பின்னால் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள். கம்பியை மடக்கிக் கியர் போட்டார். வாய்க்கால் கரை பின்னால் ஓடியது. நாச்சிமுத்து கொடிக்காலிலிருந்து துண்டை வீசிக் காட்டினார். காவிரி நிறையத் தண்ணீர் போனது. உண்ணாமலை கும்பிட்டுவிட்டு, காப்பரிசியில் சரியாக நாலு பருக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள். நாப்பத்தேழு நாளைக்கப்புறம் வெல்லம். நாலு பருக்கையையும் அவர் நாலு வாயாகத் தின்றார்.

திரும்பும்போது பாட்டே பாடினார். மதகு தாண்டியதும் எஸ்டி ஒரு விக்கல் விக்கி நின்றது. பெட்ரோல் திருகை ரிசர்வுக்குத் திருப்பி உதைத்தார். அசையவில்லை. மூடியைத் திறந்து டேங்கை ஆட்டிப் பார்த்தார். ஒரு சொட்டில்லை.

"பெட்ரோல் ஊத்துனது யாரு புள்ள?"

"ஆண்ட்ரூசுங்க. ரிசர்வையும் சேத்து அளந்துதான் ஊத்தச் சொன்னனுங்க."

கருப்பண்ணன் மதகைப் பார்த்தார். தினமும் அவர் வண்டியைத் திருப்புகிற மதகு. வீட்டுக்கு அங்கிருந்து எத்தனை தூரம் என்று காலுக்கே தெரியும்.

"மண்டலம்னா நாப்பத்தெட்டு நாளுங்க," என்றாள் உண்ணாமலை. "சொவத்துல நாப்பத்தேழு கோடுதான் இருக்குது."

"சரி, எறங்கு."

"எதுக்குங்க எறங்கோணும்?" அவள் சேலையை இழுத்துச் சொருகி, இன்னும் வசதியாக உட்கார்ந்தாள். "கடைசி நாளு பாரத்தோட தள்ளுனாத்தான் பேரிங் நல்லா இளகுமாமுங்க. மெக்கானிக் சொன்னாரு."