அனுப்புநர் பெறுநர் படலம்

நாற்பது ஆடுகளை ஒற்றைச் சீழ்க்கையால் திருப்பியவனும், ஒழுகும் கூரையின்கீழ் பட்டப்படிப்பை முடித்தவனும், ஊர்நீங்கி வந்து நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில் முதியோர்க்குச் செயற்கை நுண்ணறிவைப் பழக்கும் பெரும்பணி ஏற்றவனுமாகிய மாவீரன் வாழ்க! அவன் கழுத்தில் ஆரமெனத் தொங்கும் 'தற்காலிக உதவியாளர்' என்னும் அட்டையும் வாழ்க!

அந்தத் 'தற்காலிக' என்னும் களங்கத்தைத் துடைக்கவே அன்று போர் மூண்டது. பேனாவை வேலென ஏந்தி எதிரே வீற்றிருந்த மேற்பார்வையாளர் அம்மையார் போர்விதியை முழங்கினார்: "பெரியவர் தானே கேட்டு, தானே பதில் வாங்கணும். நீ போனைத் தொட்டேன்னா வேலை கிடையாது." ஊரிலிருந்து காலையில் போன்வழி வந்த அண்ணனின் அறைகூவலோ இன்னும் செவியில் கனன்றது: "கிழவங்களுக்குப் போன் காட்டுறதெல்லாம் ஒரு உத்தியோகமாடா? தோத்தா ஒழுங்கா வந்து ஆட்டை ஓட்டு."

களம் புகுந்தார் ஓய்வுபெற்ற எழுத்தர்; முப்பத்தெட்டு ஆண்டுகள் மேலதிகாரிகளுக்கு மனு எழுதியே முதுகு வளைந்த கோப்புக்கடல். போனை இருகரங்களால் ஏந்தி, தொண்டையைச் செருமி, சங்கநாதமெனத் தொடங்கினார்:

"அனுப்புநர்..."

அடுத்த சொல்லுக்கு அவர் மூச்சு வாங்கிய அக்கணமே, பேச்சு முடிந்ததென்று கருதிய போனுக்குள்ளிருந்த நுண்ணறிவுப் பொறி, தேனொழுகும் குரலில் கணை தொடுத்தது: "அருமையான கேள்வி! அனுப்புநர் என்பவர்..."

"பெறுநர்..." என்று மீண்டும் பாய்ந்தார். பெறுநரையும் அது ஏழு வரிகளில் விளக்கிற்று.

"மனுவை முழுசாப் படிக்காம பதில் எழுதுற அதிகாரி எங்க உருப்படுவான்?" என்று இடியேறென இடித்து, போனை மேசைமேல் கவிழ்த்தார்.

அம்மையாரின் வேலனைய பேனா மதிப்பீட்டுப் படிவத்தை நோக்கித் தாழ்ந்தது. போனைப் பற்றத் துடித்த தன் விரல்களை வீரன் தொடைக்கடியில் சிறைவைத்தான். முரண்டுபிடிக்கும் கிடாவை முன்னின்று இழுத்தால் அது நாலு காலையும் ஊன்றிக்கொள்ளும்; தலைவனாக்கி முன்னே விட்டாலோ மந்தையையே நடத்திச் செல்லும். கல்லூரி கற்பிக்காத இப்போர்நூலைத் தேர்ந்தவன் குனிந்து மொழிந்தான்:

"ஐயா, இது அதிகாரி இல்லீங்க. உங்களுக்குக் கீழ புதுசாச் சேர்ந்த ஆளு. இதுக்குப் போயி மனு போடுறீங்களே? உத்தரவு போடுங்க."

தனக்குக் கீழே ஒருவரையும் கண்டிராத அம்முதுகு, குன்றொன்று எழுந்தாற்போல் நிமிர்ந்தது. போனைப் புரட்டி எடுத்து, ஓரிடத்தும் மூச்சு வாங்காமல், முப்பத்தெட்டாண்டுச் சினத்தையும் ஒரே வீச்சில் வீசினார்: "ஏய்! முழங்கால் வலிக்கு எந்த டாக்டரைப் பாக்கணும்? ஒழுங்காச் சொல்லு!"

பொறி பணிந்து, தோற்ற மன்னன் திறை கொட்டுவதுபோல் விடைகளைக் கொட்டிற்று. திசைகள் அதிர, பேனா படிவத்தில் 'நிரந்தரம்' என்று பொறித்தது. அதிகாரத்தின் சுவை நாவில் ஏறிய எழுத்தரோ, வென்ற வீரனை மேலும் கீழும் நோக்கி, தம் வாழ்நாளின் இரண்டாம் அரசாணையைப் பிறப்பித்தார்: "தம்பி, ஒரு டீ. சர்க்கரை வேணாம்."

அவன் டீ வாங்கப் போனான்.