மணல் நைனாவுக்கு ஒரு பாடு

உலகத்திலேயே மணலைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதர்கள் எங்கள் குப்பத்து ஆட்கள் மட்டும்தான். அந்தப் பெருமையை எங்களுக்குத் தேடிக் கொடுத்தவர் மணல் நைனா.

இன்றைக்கு அவர் பெயர் பெற்ற ஓவியர். அவர் வரைந்த மணலையும் குடியிருந்த குடிசையையும் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காட்டில் இறங்கி, டச்சுக்காரர் கல்லறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பாலத்தைத் தாண்டி, செருப்பு புதையப் புதைய எங்கள் குப்பத்துக்கு நடக்கிறார்கள். அந்தக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காலங்காலமாக ஆள் வருமா என்று நிற்கின்றன. அவற்றுக்கே வயிறு எரியும் என்றால் எனக்கு எரியாதா? நைனாவின் குடிசைக்கு அடுத்த வீடு என்னுடையது. நானும் பத்திரிகையில் எழுதுகிறவன்தான். இதுவரை வந்தவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் குடிக்கத் தண்ணீரும் ஓவியர் வீட்டுக்கு வழியும்தான்.

நைனா எந்த ஊர்க்காரர் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. ஒருநாள் தகரப்பெட்டியோடு வந்தார், ஆளில்லாமல் கிடந்த குடிசையில் தங்கினார். வந்த சுருக்கில் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டார். தலைவரிலிருந்து கைக்குழந்தை வரை எல்லாரையும் "நைனா" என்றே கூப்பிட்டார். அப்பனைக் கூப்பிடுகிற வார்த்தையை ஊருக்கே கொடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. ஏரியில் பூநாரை கூட்டம் கூட்டமாக நிற்கும். மனிதர் எதையும் பார்க்க மாட்டார். குடையை நாற்காலியில் கயிற்றால் கட்டிக்கொண்டு மணல்மேட்டுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். காற்றில் மேடு கொஞ்சம் நகர்ந்திருந்தால் அதனோடு சண்டைக்குப் போவார்.

"இன்னா நைனா, நேத்து அங்க இருந்தே, இன்னிக்கு இங்க வந்து குந்திகினு கீறே? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டே?"

அவர் வரைகிற மணலில் கால்தடம் விழக் கூடாது. எங்கள் தெரு நாய்கள்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். ஒருமுறை குப்பத்துத் தலைவர் ஏதோ யோசனையில் குறுக்கே நடந்துவிட்டார். பதித்த அதே தடத்தில் பின்பக்கமாகவே நடந்து திரும்பிப் போகச் சொன்னார் நைனா. ஊரே நடுங்குகிற தலைவர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே போனார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், நைனாவின் படம் ஒன்று பேப்பரில் வந்தது. படம் முழுக்க மணல். ஓரத்தில் மட்டும் ஒரு படகின் வால். அந்தப் பச்சைப் பெயின்ட்டைப் பார்த்ததும் குப்பத்துக்கே தெரிந்துவிட்டது, அது காசியின் படகு.

அன்றிலிருந்து காசி ஏரியையே விலைக்கு வாங்கியவன் மாதிரி நடக்க ஆரம்பித்தான். படத்தைப் பாலைவனம் என்று நம்பி வந்த பட்டணத்து ஆள் ஒருவர், "ஒட்டகம் எங்கப்பா?" என்று கேட்டார். "சுண்ணாம்புக்குளம் போயிருக்குது சார், சாயந்திரம் வந்துடும்" என்றான் காசி. அந்த மனிதர் சாயந்திரம் வரை காத்திருந்தார்.

சுண்ணாம்புக்குளத்தை அவன் இழுத்தது சும்மா இல்லை. என் மாமா மகள் அஞ்சலை அந்த ஊர். அவளுக்கு மாப்பிள்ளையாக மாமா மனத்தில் இரண்டு பேர். ஒருவன் நான், இன்னொருவன் காசி. பேப்பர் வந்த வாரம் அங்கே போனபோது அஞ்சலை என்னிடம் கேட்டது இதுதான்: "காசி படகு பேப்பர்ல வந்துகீதாமே? உன்னுது இன்னாத்துக்கு வரல?"

எனக்கு மட்டுமா, ஊரில் எல்லாருக்கும் எரிந்தது. அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. மீன் நன்றாகப் படுகிற இடத்தில் இன்றைக்கு உன் குடும்பம் வலை போட்டால் நாளைக்கு என் குடும்பம். அவனவன் முறை வரும்வரை மூச்சு விடக் கூடாது. குப்பத்தில் பிறந்தவனுக்குத்தான் பாடு, வெளியாளுக்குக் கிடையாது.

"இதுக்கு இன்னாத்துக்கு அடிச்சிக்கிறீங்க? படத்துக்கும் பாடு வச்சிடலாம். அவனவன் பாடு அன்னிக்கு நைனா எதிர்ல போயி குந்திக்கோ" என்றார் தலைவர்.

வரைகிறவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விஷயத்தைச் சொன்னதும் நைனா, "சரி நைனா" என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவினார்.

ஒருவன் புது வலையோடு உட்கார்ந்தான். ஒருவன் ஆட்டுக்குட்டிக்குப் பொட்டு வைத்துக் கூட்டிப் போனான். சாயந்திரம் போய்ப் பார்த்தால் படத்தில் வெறும் மணல். கேட்டதற்கு, "நீ ஆடிகினே இருந்தே. மணலு ஆடாம இருந்துச்சு" என்றார். செல்லம்மா அக்கா கல்யாணப் புடவையில் போய் வெயிலில் வெந்துவிட்டு, "என் பொடவை எங்க நைனா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். வானத்தில் தீற்றியிருந்த சிவப்பைக் காட்டி, "தோ, மேல போயிடுச்சு" என்றார். அக்காவுக்கு ஒரே பூரிப்பு. புடவை வானத்துக்கே போய்விட்டதே என்று மற்ற பெண்களுக்கு அதிலும் எரிச்சல்.

என் பாடு வந்தது. மாமாவையும் அஞ்சலையையும் வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சற்று நேரத்தில் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. குடை பறந்தது, கண்ணிலும் வாயிலும் மணல். நைனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காசி தூரத்தில் நின்று கைதட்டினான்.

தலைவரிடம் ஓடினேன். "பாடு அன்னிக்கு மீன் படலன்னா ஏரியையா கேப்பே? போடா" என்றார். நியாயம்தான். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த முறை வருவதற்குள் மாமா காசி வீட்டில் தாம்பூலம் மாற்றிவிடுவார்.

அன்று சாயந்திரம் கூட்டத்துக்கு, அதுவரை எட்டிப் பார்க்காத நைனா வந்தார்.

"தலைவரே, எனுக்கு ஒரு பாடு வோணும்."

"நீ வெளியாளு நைனா. உனுக்கு ஏது பாடு?"

"குப்பத்து மணல்ல பாதி என் வயித்துக்குள்ள போயிருக்குது. அப்பறம் இன்னா வெளியாளு?"

கூட்டம் சிரித்தது. பிறகு யோசித்தது. வெளியாளுக்கு எங்கள் குப்பத்தில் கொடுத்த பாடு அது ஒன்றுதான்.

மறுநாள் காலை நைனா என் கையில் பிரஷ்ஷைத் திணித்துவிட்டு, மணல்மேட்டின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். "என் பாடு, நான் குந்துறேன். யாரு வரையணும்னு கூட்டத்துல யாரும் சொல்லல. நீ வரை."

மாமாவும் அஞ்சலையும் ஒருநாள் தாமதமாக வந்து சேர்ந்தபோது நான் மூக்கோடு போராடிக்கொண்டிருந்தேன். ஒரு காது பெரிசு, மூக்கு ஏரிப் பக்கம் திரும்பிவிட்டது. வாய் எங்கே வைப்பது என்று தெரியாமல் தாடி போட்டு மூடினேன். நைனாவுக்குத் தாடியே கிடையாது. அஞ்சலை படத்தைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், மணலிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். இப்படிச் சிரிக்க வைக்கிறவனுக்கே கொடுத்துவிடலாம் என்று மாமா முடிவு செய்தார். சண்டை வந்தால் மட்டும் அவள் இன்றைக்கும் காசி படகு பேப்பரில் வந்ததைச் சொல்லிக் காட்டுவாள்.

போன மாதம் வந்த கூட்டத்தோடு நாங்களும் அந்தக் குடிசைக்குள் போனோம். நைனா கண்ணை மூடிய பிறகு அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஒரே ஒரு படம். கோணல் மூக்கும் தாடியுமாக.

"தன்னைத்தானே அவர் வரைஞ்சது இது ஒண்ணுதான்" என்று கண்ணாடி போட்ட ஒரு பெண் மற்றவர்களுக்கு விளக்கினாள். "மனசுக்குள்ள எவ்வளவு வேதனை இருந்தா இப்படி வரைஞ்சிருப்பார்!"

அஞ்சலை என் விலாவில் இடித்தாள். "சொல்லேன்யா, நீ வரைஞ்சதுனு."

நான் சொல்லவில்லை. அவருடைய பேர், அவருடைய மணல், அவரைத் தேடி வருகிற பஸ் கூட்டம், எல்லாவற்றின் மேலும் எனக்கு இன்னும் பொறாமைதான். ஆனால் எத்தனையோ நல்ல படங்களை ஊர் ஊராக அனுப்பிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார் மனிதர். அது அவர் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.