பதினோரு கிலோ அதிர்ச்சி

பீப்! பீப்! பீப்!

வெறுங்காலுடன் இயந்திரத்தின் மேல் நின்றிருந்த கட்டிங் மாஸ்டர் திடுக்கிட்டு இரண்டு கைப்பிடிகளையும் விட்டுவிட்டார்.

"விடாதீங்க மாஸ்டர், கெட்டியாப் பிடிங்க!" என்றாள் நர்ஸ். மறுபடி அளந்தாள். மறுபடி பீப். இயந்திரம் துப்பிய சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பவும் சீட்டைப் பார்த்தாள்.

"டாக்டர்! கொஞ்சம் வாங்களேன்!"

கடைத்தெருவில் பாதிப் பேருக்குச் சட்டை வெட்டித் தரும் மாஸ்டருக்கு இருபது வருட ஆஸ்துமா. துணிப் பஞ்சு பறந்தால் இழுக்கும். மாடி ஏறினால் இழுக்கும். சாப்பாடும், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதும் ஆஸ்துமாக்காரர்களின் மூச்சை என்ன செய்கின்றன என்று ஆஸ்பத்திரியில் மூன்று மாத ஆராய்ச்சி. அறுபது பேர் சேர்ந்தார்கள். மாஸ்டரும் கையெழுத்துப் போட்டார். சேர்ந்த அன்று ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை கொழுப்பை அளக்கும் இந்த இயந்திரத்தில் ஏற வேண்டும். பிறகு ஒரு குழாயில் தம் கட்டி ஊத வேண்டும். இது முதல் மாதம்.

டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார்.

"மூணு கிலோ கொழுப்பு குறைஞ்சிருக்கே!"

வீட்டில் திருட்டுப் போனவர் சொல்வது போல இருந்தது.

"சாப்பாட்டுல ஏதாவது மாத்திட்டீங்களா?"

மாஸ்டருக்குப் பகீரென்றது. போன வியாழக்கிழமை, கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர் நீட்டிய ஒரே ஒரு க்ரீம் பிஸ்கட்!

"ஐயையோ, இல்லவே இல்லை டாக்டர்! நீங்க சொன்னது சொன்னபடி. ஒரு துளி மாத்தலை."

டாக்டரின் முகம் இன்னும் வெளுத்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "குறைஞ்சா நல்லதுதானே? அதுக்கு எதுக்கு இழவு விழுந்த மாதிரி பார்த்தாங்க?"

"பத்தலை போல. அந்த பிஸ்கட் மிஷின்ல தெரிஞ்சிருக்கும்."

"எந்த பிஸ்கட்?"

வாய் தவறி உளறிவிட்டோம் என்று அவர் உணர்வதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. அன்று முதல் அந்த வீட்டில் எண்ணெய் வாசனைகூட வரவில்லை. அவித்த கோஸ், அவித்த பீன்ஸ், அவித்த முட்டையின் வெள்ளை. மஞ்சள் கருக்களெல்லாம் கூடவே இருந்த மச்சினனுக்குப் போய், அவன் கன்னம்தான் பளபளத்தது.

இரண்டாம் மாதம் இயந்திரம் மறுபடி கத்தியது. இன்னும் நாலு கிலோ காலி. குழாயில் ஊதியபோது முள் அவர் வாழ்நாளில் தொடாத இடத்தைத் தொட்டது.

"ஊதற மூச்சும் கூடியிருக்கு!" என்று நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்து மாஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் அப்படி வந்து உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை என்பது மாஸ்டருக்குத் தெரியும்.

"பசி எப்படி?"

"நாள் பூரா பசிக்குது."

"பசிக்குது, சாப்பிடறீங்க, ஆனா இளைக்கறீங்க..." டாக்டர் மடமடவென்று எழுதினார். "பயப்படாதீங்க. ரத்தம், எக்ஸ்ரே, வயித்து ஸ்கேன். எல்லாம் பார்த்துடலாம்."

'பயப்படாதீங்க' என்ற பிறகுதான் மாஸ்டர் பயப்பட ஆரம்பித்தார்.

அன்று சாப்பிடும்போது மச்சினன் சொன்னான். "மாமா, என் சிநேகிதனோட பெரியப்பாவும் இப்படித்தான், காரணமே இல்லாம இளைச்சாரு."

"அப்புறம்?"

மச்சினன் மின்விசிறியைப் பார்த்தான். "நல்ல மனுஷன்."

"வாயை மூடிட்டுத் தின்னுடா!" என்றாள் அவன் அக்கா. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, போதும். இன்னைக்கு ஒரு நாள் வயிறாரச் சாப்பிடுங்க. நான் உருளைக்கிழங்கு வறுத்துத் தரேன்."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்மா. அறுபது பேரை வெச்சு ஒரு பெரிய வேலை நடக்குது. என் ஒருத்தன் நாக்கால ஆராய்ச்சியே பாழாகணுமா?"

சொல்லிவிட்டு கோஸைப் பார்த்தார். கண் கலங்கியது. கோஸுக்காகவா உயிருக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

கடையில் சனிக்கிழமைதோறும் தன் பேன்ட்டைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டார். மாடிப்படியை இப்போது ஒரே மூச்சில் ஏறினார். இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்றே மறந்துபோனது. "அணையப்போற விளக்கு பிரகாசமா எரியுமாம்" என்று மச்சினன் முணுமுணுத்தான். மாஸ்டர் அன்றே மனைவிக்கு இஸ்திரி ஆளின் விலாசம், பாக்கி இருக்கும் பதினாலு சட்டைகளின் அளவு, கடைப் பூட்டைத் திறக்கும் தந்திரம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். அவள் எழுதிக்கொண்டே அழுதாள். பதினோராவது சட்டையின் காலர் அளவு அழிந்துபோனது.

மூன்றாம் மாதம். இனியும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிடுவார்கள் என்று மச்சினன் சொல்லியிருந்தான். யோசனையும் அவனுடையதுதான். மாஸ்டர் புறப்படும் முன் இரண்டு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். பேன்ட் பையில் வெட்டுக் கத்தரியைப் போட்டுக்கொண்டார்.

"பையில என்ன மாஸ்டர்?" என்றாள் நர்ஸ்.

ஒரு முழ நீளக் கத்தரி வெளியே வந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள்.

இயந்திரம் இந்த முறை நிறுத்தாமல் கத்தியது. கொழுப்பு மேலும் நாலு கிலோ குறைவு. டாக்டரின் புருவம் நெற்றி உச்சிக்குப் போனது. "எடைக்கும் இதுக்கும் ஒத்தே வரலையே! உடம்புல தண்ணி சேர ஆரம்பிச்சிடுச்சா? கிட்னியையும் பார்த்தாகணும்!"

"அப்போ மத்த ரிப்போர்ட்டெல்லாம்?" என்று கூட வந்திருந்த மனைவி கையைப் பிசைந்தாள்.

"எல்லாம் நார்மல்மா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. சாப்பாட்டுல எந்த மாத்தமும் இல்லை, ரத்தத்துல ஒரு குறையும் இல்லை, பதினோரு கிலோ போயிருக்கு. எங்கே போச்சு?"

மாஸ்டருக்கு மூன்று மாதமாக வராத இழுப்பு அந்த நிமிடம் வந்தது. பயத்தில் மூச்சு விசிலடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மனைவிக்குத் தாங்கவில்லை. கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, அதிலிருந்த சாப்பாட்டு சார்ட்டின் படத்தை டாக்டர் முன்னால் நீட்டினாள்.

"ஐயா, உங்க ஆராய்ச்சி பெரிசுதான், இல்லேங்கலை. ஆனா எனக்கு இவரு வேணும். இந்த சார்ட்டுல இருக்கிற சாப்பாட்டை நிறுத்திடலாமா? கும்பிட்டுக் கேக்கறேன்."

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். முட்டை வெள்ளை, அவித்த பீன்ஸ், சர்க்கரை கூடாது, எண்ணெய் கூடாது. மெல்ல நிமிர்ந்தார்.

"இது... உங்ககிட்ட எப்படி வந்தது?"

மாஸ்டர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார். "சிஸ்டர் மேல கோவிச்சுக்காதீங்க டாக்டர். கையெழுத்துப் போட்ட அன்னைக்கு ஒரே கூட்டம். எனக்கு சார்ட் குடுக்க மறந்துட்டாங்க. அவங்களை மாட்டிவிடக் கூடாதுன்னு, பக்கத்துல உக்காந்திருந்த பேக்கரிக்காரர்கிட்ட வாங்கி போட்டோ எடுத்துக்கிட்டேன்."

நர்ஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணும் மறக்கலை மாஸ்டர்! முப்பது பேருக்கு டயட், மிச்ச முப்பது பேர் வீட்டுல எப்பவும் சாப்பிடறதையே சாப்பிடணும். நீங்க அந்த மிச்ச முப்பதுல ஒருத்தர்!"