காலி டப்பா

நாள்பட்ட மலச்சிக்கலுக்குப் புது மருந்து கண்டுபிடித்திருப்பதாகவும், அதைச் சோதித்துப் பார்க்க நாற்பது பேர் தேவை என்றும் ஆய்வு மையம் அறிவித்தது. எங்கள் சித்தப்பாவுக்குப் பதினோரு வருஷமாக இதே கஷ்டம். வீட்டில் இருப்பதோ ஒரே கக்கூஸ். காலையில் அவர் உள்ளே போனால் ஒன்றரை மணி நேரம். வெளியே ஐந்து பேர் நெளிந்துகொண்டு நிற்போம். அதனால் அவரை வழியனுப்ப வீடே வாசலுக்கு வந்தது. நான் கூடவே போனேன்.

ஆள் தேர்ந்தெடுக்கும் அறையில் இருந்த அதிகாரி அம்மா ஒரு மூடி போட்ட டப்பாவை நீட்டினார்.

"பதினோரு மணிக்குள்ள மாதிரி கொடுத்துடுங்க."

"எதோட மாதிரிம்மா?"

"வேற எதோட?"

"அது வரலைன்னுதானே இங்க வந்திருக்கேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. மாதிரியைப் பார்க்காம உங்களுக்கு மலச்சிக்கல்னு நாங்க எப்படி நம்பறது?"

சித்தப்பா மூன்று தடவை போய்விட்டு வந்தார். டப்பா காலி. காலி டப்பாவே அத்தாட்சி இல்லையா என்று கேட்டேன். விதிமுறைப்படி அதற்கு "ஒத்துழைக்க மறுத்தல்" என்று பெயராம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் ஐந்தே நிமிஷத்தில் வேலையை முடித்துக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு என்னண்ணே கஷ்டம்?" என்றார் சித்தப்பா.

"ஒண்ணும் இல்லைப்பா. சேர்ந்தா பதினாலு நாள் லீவு."

அவரை "முழு ஒத்துழைப்பு" என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அவரைப் போல நாற்பது பேர். நிஜமாகவே முக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தகுதியற்றோர் பட்டியலில்.

ஆறு மாதம் கழித்து முடிவு வந்தது. மருந்து சாப்பிட்ட நாற்பது பேருக்கும் தினமும் தவறாமல் போயிருக்கிறது. மாபெரும் வெற்றி. மருந்து கடைக்கு வந்த அன்றே சித்தி வாங்கிவந்தாள். சித்தப்பா ஒரு மாதம் விழுங்கினார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அதே அம்மாவிடம் போனோம்.

"மருந்து கேக்கலைம்மா."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "மலச்சிக்கல் இருக்கறவங்க அத்தனை பேருக்கும் இது கேக்கும்னு நிரூபிச்சாச்சு. உங்களுக்குக் கேக்கலைன்னா, உங்களுக்கு மலச்சிக்கலே இல்லை."

முத்திரை குத்தி, சான்றிதழாகவே கொடுத்துவிட்டார்.

சித்தி அதைக் கக்கூஸ் கதவில் ஒட்டியிருக்கிறாள். இப்போதெல்லாம் நாங்கள் சும்மா நிற்பதில்லை. பத்து நிமிஷம் ஆனதும் கதவைத் தட்டுகிறோம். நான்தான் பலமாகத் தட்டுவேன்.

"சித்தப்பா, வெளிய வாங்க. உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே."