லட்சத்தீவுக்கு நுழைவுத் தேர்வு

ஐந்து நாள். வெறும் ஐந்தே நாள் யாருக்கும் புருஷனாக இல்லாமல் இருந்து பார்ப்பது என்று 2006 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். விபரீதமாக எதுவும் நினைத்துவிடாதீர்கள். தையல்நாயகிக்கும் எனக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். நான் எந்தச் சட்டை போடுவது, எப்போது முடி வெட்டுவது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது எல்லாம் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். குறை சொல்லவில்லை. நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். அதில்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

மரக்காணத்தில் எனக்குக் குத்தகைக்கு உப்பளம் இருக்கிறது. என் உப்பை வாங்கி அயோடின் கலந்து பாக்கெட் போடுகிற கம்பெனி அந்த வருஷம் ஒரு போட்டி வைத்தது. அதிகச் சரக்கு அனுப்புகிறவருக்கு லட்சத்தீவு ரிசார்ட்டில் ஐந்து நாள், இரண்டு பேருக்கு, இலவசம். ஜெயித்தவர் கையெழுத்துப் போட்டு எந்த இரண்டு பேரை வேண்டுமானாலும் அனுப்பலாம். அந்த சீசனில் பாதி அளங்களில் மோட்டார் படுத்துக்கொண்டது. என்னுடையது படுக்கவில்லை. இப்படித்தான் நான் முதலிடம் பிடித்தேன்.

கம்பெனி அனுப்பிய கவருக்குள் பேர் எழுதி அனுப்ப ஒரு ஃபாரம், கூடவே ஒரு வண்ணப்படம். நீலத் தண்ணிக்கு அடியில் ஒரு வெள்ளைக்காரர் முதுகில் சிலிண்டரோடு, மீன்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூபா டைவிங்காம். அந்த மனுஷன் முகத்தில்தான் என்ன நிம்மதி. காரணம் எனக்கு உடனே விளங்கியது. தண்ணிக்கு அடியில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. எல்லார் வாயிலும் குழாய். அங்கே போய்த்தான் தீருவது என்று உறுதி பூண்டேன்.

இரண்டாவது ஆள் சவரிமுத்து என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. பக்கத்து அளத்துக்காரன், பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அவன் மனைவி ஜான்சி ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கிறது. அந்த வீட்டிலும் என் வீட்டு நிலவரம்தான்.

"உங்க வீட்டம்மா சும்மா விடுமாடா?" என்றான் சவரிமுத்து.

"நான் வரலைன்னு அவளே சொல்லுவா பாரு. சொல்ல வைக்கிறேன்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்.

"தையலு, கம்பெனிக்காரன் லட்சத்தீவுக்கு அனுப்பறானாம். ரெண்டு பேரு போவலாம்."

தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள். அவள் பாதியில் அடுப்பை அணைத்தால் விசாரணை ஆரம்பம் என்று அர்த்தம்.

"எப்ப?"

"ஐப்பசியில. மழை வந்து அளத்துல வேலை நின்னப்புறம். ஆனா பாரு, சுத்தியும் கடலு. சுனாமி கினாமி வந்துச்சின்னா..."

"சுனாமி இங்கயேதான் வந்துச்சு. ஊரைக் காலி பண்ணிட்டா போயிட்டோம்?"

"புடவை கூடாது. ரப்பர் டிரஸ்ஸு போடணும்."

"போட்டாப் போச்சு."

"மீனு கடிக்கும் தையலு."

"நான் எத்தினி வருஷமா மீனைக் கடிக்கிறேன். ஒரு தடவை அதுவும் கடிச்சிட்டுப் போவுது."

அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள். பிறகு சொன்னாள். "கல்யாணம் ஆன புதுசுல மகாபலிபுரம் கூட்டிட்டுப் போறேன்னீங்க. நானும் பையில துணியெல்லாம் எடுத்து வெச்சேன். இன்னிக்கு வரைக்கும் போவலை. அந்தப் பையிலதான் இப்ப வெங்காயம் போட்டு வெச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. நெஞ்சில் ஈரம் உள்ளவன் அந்த இடத்திலேயே திட்டத்தைக் கைவிட்டிருப்பான். எனக்கு அந்த வெள்ளைக்காரர் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"கூட்டிட்டுப் போறதுல எனக்கு என்ன? டெஸ்ட்டு இருக்குதே."

"என்ன டெஸ்ட்டு?"

அது எனக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. "தண்ணியில முழுவி, தரையைத் தொட்டு, ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிட்டு மேல வரணும். ஊர்லயே செஞ்சு, சாட்சிக் கையெழுத்தோட அனுப்பணும். பாஸாவாதவங்களை அந்தத் தீவுல எறங்கவே விட மாட்டான்."

"ஒரு பிடி மண்ணா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நம்ம அளத்துலயே வெச்சிக்கலாம், சனிக்கிழமை."

என் மூளை வேலை செய்த இடம் இதுதான். உப்பளத்தில் தண்ணி ஒவ்வொரு பாத்தியாக மாறி வெயிலில் சுண்டிக்கொண்டே வரும். உப்புப் பூக்கிறதுக்கு முன்னால் சேர்த்து வைக்கிற கடைசிக் குட்டைத் தண்ணி இருக்கிறதே, அதில் எருமையை இறக்கினாலும் மிதக்கும். அவ்வளவு உப்பு. அதில் முழுகினவர் மரக்காணத்தில் இதுவரை யாரும் கிடையாது. தையல்நாயகி கிளியனூர்க்காரி, விவசாயக் குடும்பம். நெல்லைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வாள். உப்பு என்பது அவளைப் பொறுத்தவரை அடுப்பங்கரையில் ஜாடியில் இருக்கிற சாமான். இப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை பழைய புடவையை வரிந்து கட்டிக்கொண்டு குட்டைக்கு வந்தாள். சாட்சி சவரிமுத்து. கையில் நோட்டு, சட்டைப்பையில் பேனா, முகத்தில் தாசில்தார் களை.

இடுப்பளவு தண்ணியில் இறங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார விடவில்லை தண்ணி. கால் இரண்டும் மேலே வந்தன. குப்புறப் படுத்துப் பார்த்தாள். முதுகு மேலே வந்தது. மல்லாக்கப் படுத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு மிதந்தாள்.

"முழுவ மாட்டேங்குதுங்க."

"என்ன பண்றது தையலு. ஆசை இருந்தாப் போதுமா? ஒடம்பு ஒத்துழைக்கணும்," என்றேன், குரலில் அளவாகச் சோகம் சேர்த்து. சவரிமுத்து நோட்டில் ஃபெயில் என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டான்.

கரையேறித் தலையைத் துவட்டினாள். "சரி. இப்ப நீங்க எறங்குங்க."

"நானா?"

"ரெண்டு பேருக்கும்தானே டெஸ்ட்டு?"

நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். அவன் பேனாவைப் பார்த்தான். இதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

அன்றைக்குக் காலையில்தான் ஷேவ் செய்திருந்தேன். அந்தத் தண்ணி தாடையில் பட்டதும் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிந்தது. தலையை உள்ளே அமுக்கினேன், கால் வந்தது. காலை அமுக்கினேன், தொப்பை வந்தது. தொப்பையை அமுக்க எனக்கு இன்னும் இரண்டு கை வேண்டியிருந்தது.

"சவரிமுத்தண்ணே, இவருக்கும் ஃபெயிலுன்னு எழுதுங்க," என்றாள் தையல்நாயகி. அந்தப் பாவி அதையும் எழுதினான். அடிக்கோடு வேறு.

"இந்தத் தண்ணி டெஸ்ட்டுக்குச் சரிப்படாது போலங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை கிளியனூர்ல எங்க தம்பி வீட்டுக் கெணத்துல வெச்சிக்கலாம். நல்ல தண்ணி."

ஒத்துக்கொண்டேன். கிணற்றை எட்டிப் பார்த்ததுமே பயந்து பின்வாங்கிவிடுவாள், எனக்கு இறங்குகிற வேலையே இருக்காது என்று கணக்குப் போட்டேன். நான் இறங்கவும் முடியாது, எனக்கு நீச்சல் தெரியாது. கடலோரத்தில் பிறந்தவனுக்கா என்று கேட்காதீர்கள். உப்புப் பாத்தியில் நிற்கிறவனுக்கு ஆயுசு முழுக்க முழங்காலுக்குக் கீழேதான் தண்ணி.

ஞாயிற்றுக்கிழமை போனால் கிணற்றைச் சுற்றி அரைத் தெரு நிற்கிறது. மச்சான் சிவஞானம் மோட்டாரை நிறுத்திவிட்டு எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தான். தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். நான் அவள் பின்வாங்குவதற்காகக் காத்திருந்தேன். புடவையைக் கச்சமாகக் கட்டினாள், சுவரில் ஏறினாள், குதித்துவிட்டாள்.

தண்ணி மூடிக்கொண்டது. வட்டம் வட்டமாக அலை வந்து அதுவும் அடங்கிப்போனது. அவள் வரவில்லை. சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லட்சத்தீவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், இவள் மேலே வந்தால் போதும் என்று இருந்தது. இவள் இல்லாவிட்டால் எந்தச் சட்டை போடுவது என்றுகூட எனக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதுவிட்டேன்.

அப்புறம் தலை தெரிந்தது. கூடவே ஒரு கை. கை நிறையக் களிமண்.

"அக்கா பன்னெண்டு வயசுலயே இந்தக் கெணத்துல உழுந்த குடத்தையெல்லாம் எடுத்துக்கிட்டு வரும் மாமா," என்றான் சிவஞானம். "யாரு மண்ணு எடுக்கிறதுன்னு போட்டி வெச்சா நாங்க ஆம்பளைப் பசங்ககூட தோத்துடுவோம். உங்களுக்குத் தெரியாதா?"

"இத்தினி வருஷத்துல நீ சொல்லவே இல்லையே தையலு."

"நீங்க கேக்கவே இல்லையே."

அடுத்தது நான். இறங்கினேன் என்று சொல்ல முடியாது. இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். இந்தத் தண்ணியில் முழுகுவதில் ஒரு சிரமமும் இல்லை. கல்லுப் போல உள்ளே போனேன். எவ்வளவு குடித்தேன் என்பது கிணற்றுக்குத்தான் தெரியும். கடைசியில் அவளே மறுபடியும் குதித்து, என் முடியைப் பிடித்து மேலே கொண்டுவந்தாள். படிக்கட்டில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள்.

"முழுவினேனா இல்லியா?" என்றேன், பேச்சு வந்ததும்.

"முழுவிட்டீங்க. மேல வர்றதும் டெஸ்ட்டுல சேத்திதாங்க." பிறகு திரும்பினாள். "சவரிமுத்தண்ணே, நீங்களும் எறங்கறீங்களா?"

சவரிமுத்து தனக்குச் சளி பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, என் பேருக்கு நேராக ஃபெயில் என்று எழுதினான்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. டெஸ்ட்டு நான் விட்ட புளுகு. அதில் நானே ஃபெயில். புளுகு என்று சொன்னால்தான் தீவுக்குப் போக முடியும். சொன்னால் ஏன் புளுகினாய் என்ற கேள்வி வரும். சொல்லாவிட்டால் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். ஒரு வாரம் இட்லி இறங்கவில்லை. அந்தக் கிணற்றங்கரையில் அழுததையும் மறக்க முடியவில்லை. சவரிமுத்து எதற்கு? இவளோடு போனால் என்ன? படகில் உட்கார்ந்துகொண்டு இவள் குதிப்பதைப் பார்த்தாலே போதுமே என்று தோன்றிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காலை வாயைத் திறந்தேன்.

"தையலு, அந்த டெஸ்ட்டு பொய்யி. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. நீச்சலே தெரிய வேணாம், கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவாங்களாம். உன்னைக் கழட்டி விட்டுட்டு சவரியோட போவலாம்னு நான்தான்..."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீங்க சொன்ன மறுநாளே ஜான்சியைக் கேட்டேன். அவங்க கெஸ்ட் ஹவுஸ்ல அங்க போயிட்டு வந்தவங்க இருக்காங்களாம். விசாரிச்சு சொல்லிட்டா."

"அப்ப அந்த உப்புக் குட்டை?"

"உப்பளத்துக்காரன் பொண்டாட்டிக்கு அதுல மிதக்கும்னு தெரியாதாங்க?"

"தெரிஞ்சுமா எறங்கினே?"

"இடுப்பு வலிக்கு நல்லா இருந்துச்சு."

கொஞ்சம் தண்ணி குடித்துக்கொண்டேன். "சரி, தப்பு என் மேலதான். மகாபலிபுரத்துக்கும் சேத்து வெச்சிக்க. நீயும் நானுமே போவோம்."

"ஃபாரம் போயிடுச்சே. எம் பேரும் ஜான்சி பேரும் போட்டு போன வியாழக்கிழமையே அனுப்பிட்டேன்."

"நான் கையெழுத்துப் போடாமயா?"

"போட்டீங்களே. சிலிண்டர் வந்தப்ப கேஸ் புக்குக்கு அடியில வெச்சு நீட்டினேன். எப்பவும் போல பாக்காமப் போட்டீங்க."

என் வயசுக்கும் மரியாதைக்கும் கெஞ்சக் கூடாது. கெஞ்சினேன்.

"அதான் டெஸ்ட்டே பொய்யின்னு ஒத்துக்கிட்டேனே தையலு. இன்னும் ஏன் என்னை விட்டுட்டுப் போறே?"

தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

"டெஸ்ட்டு பொய்யிதாங்க. நீங்க ஃபெயிலானது நெசமாச்சே."