கோரைக்கு நிழல் ஆகாது

“அடுத்த பண்டிகைக்கு உங்கிட்ட காய் வாங்க மாட்டேன் எல்லம்மா. எங்க தோட்டத்துக் காய்தான் ஆலயத்துக்குக் காணிக்கையாப் போகும்.”

ஜெயசீலி அக்கா கூடைக்காரியிடம் இப்படிச் சொன்னது, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது.

“இன்னா தோட்டம்? வூட்டு முன்னால அல்லாம் புல்லுதானே கீது?” என்றாள் எல்லம்மா.

அக்கா புல்லைப் பார்த்தார்.

சேலையூரில் அவர்கள் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அந்தப் புல்தரை அவர் கணவர் சுந்தர்சிங் சாரின் உயிர். ரயில்வே அலுவலகத்தில் வேலை, சபைக் கமிட்டியில் செயலாளர். அறுவடைப் பண்டிகையன்று மாலை பாஸ்டருக்கும் கமிட்டிக்கும் புல்தரையில் டீ என்று அறிவித்திருந்தார். அதற்கென்றே பிரம்பு நாற்காலிகள்கூட வாங்கிவிட்டார்.

இடையில் கோரை புகுந்தது. காலையில் ஒன்றைப் பிடுங்கினால், மாலைக்குள் அதன் உறவுக்காரர்கள் எல்லாரும் துக்கம் கேட்க வந்து நின்றார்கள். சார் ஒரு டின் களைக்கொல்லி மருந்து வாங்கி வந்தார்.

“தெளிங்க,” என்றார் அக்கா. “கிணறு பக்கத்துலதான் இருக்கு. பாஸ்டருக்கும் அந்தத் தண்ணியிலதானே டீ?”

டின் கடைக்கே திரும்பிப் போனது. அதற்குள் அக்காவிடம் மாற்று வழி தயாராக இருந்தது. கோரைக்கு நிழல் ஆகாது, மூடிப் போட்டால் விஷமில்லாமல் செத்துப்போகும் என்றார். சார் நம்பவில்லை.

“மேல பாட்டனி படிச்ச பொண்ணு இருக்கு. கேளுங்க.”

சார் மேலே பார்த்தார். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். கோரைக்கு நிழல் ஆகாது என்பது உண்மைதான். புல்லுக்கு ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை.

பழைய செய்தித்தாள்களை நனைத்துப் பரப்பி, மேலே தென்னை ஓலை போட்டுத் தரை முழுவதையும் மூடினார் சார். சில வாரங்கள் கழித்துத் திறந்தபோது, புல் வெந்து வைக்கோலாகக் கிடந்தது. கோரை தலைப்புச் செய்திகளைத் துளைத்துக்கொண்டு வெளியே நின்றது.

சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கிழங்கு அடியில் இருக்கிறது, கொத்திப் பொறுக்காமல் சாகாது என்று அக்கா ஆறுதல் சொன்னார். சார் லீவு போட்டுக் கொத்தினார். கிழங்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினார். கட்டியை உடைத்து மண்ணைச் சலித்தார். அக்கா மோர் கொடுத்து, இவ்வளவு பொறுமை யாருக்கு வரும் என்று பாராட்டினார். மாடம்பாக்கம் வரைக்கும் தேடினாலும் அப்படி ஒரு பூப்போன்ற மண் கிடைத்திருக்காது.

வெறும் மண்ணாக விட்டால் கோரை திரும்பி வருமாம். காராமணி அடர்ந்து நிழல் கட்டுமாம். புதுப் புல் பதிக்கும்வரைதானாம். சார் சம்மதித்தார். விதை ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது.

காராமணி படர்ந்தது. கோரை நிஜமாகவே ஒடுங்கிப்போனது. பண்டிகை நெருங்கியது. ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு சாக்குப் புல்லை வாசலில் இறக்கிவிட்டு, சார் மண்வெட்டியோடு இறங்கினார். கொடியெல்லாம் காய்.

“பிடுங்கப் போறீங்களா?” என்றார் அக்கா.

“புல்லு வந்தாச்சு சீலி. கமிட்டிக்குச் சொல்லியாச்சு.”

“பிடுங்குங்க. பாஸ்டர்கிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க.”

“என்னன்னு?”

“முதல் காய்ப்பு ஆலயத்துக்குன்னு வேண்டிக்கிட்டுப் பொருத்தனை பண்ணியிருக்கேன். போன ஞாயிறு பாஸ்டர் அதுக்காக ஜெபமே பண்ணிட்டார். நீங்க ஆமென் சொன்னீங்களே.”

“அது உடம்பு சரியில்லாதவங்களுக்குன்னு நினைச்சேன்.”

“அது அதுக்கு முந்தின ஜெபம்.”

சார் மண்வெட்டியைப் பார்த்தார், காயைப் பார்த்தார், கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போனார். சாக்குப் புல் வாசலிலேயே பழுத்தது.

பண்டிகையன்று ஆராதனை முடிந்து, காணிக்கை வந்த பொருள்களை வழக்கம்போல ஆலய வளாகத்தில் ஏலம் விட்டார்கள். பூசணி போனது. சேவல் போனது. பாஸ்டர் ஒரு கூடையைத் தூக்கிக் காட்டினார்.

“நம்ம செயலாளர் தன் கையால கொத்தின தோட்டத்துக் காராமணி.”

சபையைச் சேர்ந்த எட்மண்ட் வாத்தியார் விலை கேட்டுக் கையைத் தூக்கினார். சார் திடுக்கிட்டுத் தானும் தூக்கினார். வாத்தியார் விலையை ஏற்றினார். சாரும் ஏற்றினார். அந்த விலைக்குச் சேவலே வாங்கியிருக்கலாம் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். வாத்தியார் சிரித்துக்கொண்டே கையை இறக்கினார். பெண்கள் பக்கத்தில் அக்கா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் கமிட்டிக்கு டீ வீட்டுக் கூடத்தில் நடந்தது. எல்லாரும் போன பிறகு சார் கூடையோடு வெளியே வந்தார். புல்தரைக்கென்று வாங்கிய பிரம்பு நாற்காலி ஒன்றின்மேல் செய்தித்தாளை விரித்தார். முற்றிய காய்களைத் தனியே பொறுக்கி, விதைக்குக் காயப்போட்டார்.