பிலிமத்தலாவை வடையும் என் ப்ளக்இன் வெப்சைட்டும்

அன்னைக்கு வேலை ரொம்ப லேசு. ஹோட்டல் வெப்சைட்டுல ரூம் புக் பண்றதுக்கு நான் எழுதின ப்ளக்இன்ங்கிற குட்டி ப்ரோக்ராமுக்கு விளக்கம் போடணும். அவ்வளவுதான்.

எவன் உக்காந்து எழுதுறது? அதுக்குன்னு ஒரு டூல் இருக்கு. ப்ரோக்ராம் கோடுக்கு நடுவுல நாம எழுதி வச்ச கமெண்ட்டை எல்லாம் பொறுக்கி எடுத்து, அதுவே ஒரு வெப்சைட் கட்டித் தந்துரும். ஒரு கமாண்ட் அடிச்சேன். பப்ளிஷ் பண்ணினேன். கீழ போய் பிளேன்டீ குடிச்சேன்.

என்ன ஒன்னு, அந்தக் கமெண்ட்டை நான் திரும்ப வாசிக்கல. ஆபீஸ்ல தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான். அந்தத் தைரியத்துல மனசுல பட்டதை எல்லாம் கோடுக்குள்ள எழுதி வைக்கிறது என் பழக்கம்.

மறுநாள் போன். பிலிமத்தலாவை கார்த்திகா. போன கிழமை அம்மாவோட போய்ப் பாத்துட்டு வந்த பொண்ணு. அவங்க வீட்டுப் பதிலுக்காகத்தான் சோறு இறங்காம காத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அவளை அவ்வளவு பிடிச்சிருந்துச்சு.

"உங்க பேரைப் போட்டுத் தேடினேன். ஒரு வெப்சைட் வந்துச்சு."

"ஆமாங்க, நான் செஞ்சதுதான்." பெருமை வேற எனக்கு.

"அதுல தேதி சரிபார்க்கிற பகுதிக்கு விளக்கம் போட்டிருக்கீங்க. வாசிக்கவா? 'இன்னைக்குப் பிலிமத்தலாவைக்குப் பொண்ணு பாக்கப் போறோம். மிச்சம் நாளைக்கு.' அதுக்குக் கீழ, 'போயிட்டு வந்தாச்சு. வடை கல்லு. பொண்ணு பரவாயில்ல.'"

போனைப் பிடிச்சுக்கிட்டே லேப்டாப்பைத் தேடினேன்.

"வடை எங்க அண்ணி சுட்டது. அதை விடுங்க. பரவாயில்லன்னா என்ன?"

"ஹந்தானை மலைப் பக்கம் போறேங்க, சிக்னல் இல்ல"ன்னு கட் பண்ணிட்டேன். நான் இருந்தது டவுனுக்கு நடுவுல.

ஓடிப்போய்ப் 'பரவாயில்ல'யை அழிச்சு, 'தங்கமான பொண்ணு'ன்னு மாத்தினேன். வடையைப் 'பஞ்சு' ஆக்கினேன். புதுப் பதிப்பா பப்ளிஷ் பண்ணிட்டு நானே கூப்பிட்டேன்.

"நீங்க சரியா பாக்கலபோல. இன்னொருக்கா பாருங்களேன்."

அவ பாத்தா. "மேல ஒரு மெனு இருக்கே, பழைய பதிப்பு, புதுப் பதிப்புன்னு. பழசுல பரவாயில்ல. புதுசுல தங்கம். நடுவுல நான் என்ன செஞ்சேன்?"

அந்த டூல் பழைய பதிப்பு எதையும் தொலைக்காது. அதுதான் அதோட அருமைன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் வகுப்பு எடுத்ததே நான்தான்.

இனி மறைச்சு என்ன? "அன்னைக்கே ரொம்பப் பிடிச்சிருச்சுங்க. அதைக் கோடுல எழுத வெக்கமா இருந்துச்சு"ன்னேன்.

"சரி. வீட்டுல சம்மதம்னு சொல்லிர்றேன். ஆனா அந்தப் பழைய பதிப்பை அழிச்சிராதீங்க. அண்ணிக்கு லிங்க் அனுப்பிட்டேன்"ன்னா.

வர்ற ஞாயித்துக்கிழமை நிச்சயம் பேச அவங்க வீட்டுக்குப் போறோம். பகல் சாப்பாடு அங்கதான்.

சமைக்கிறது அண்ணி.